ஏங்க, மூணு பேசும் வந்துருச்சு

வடமதுரைக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் தோட்டத்து வீட்டின் முகப்பில், அப்பா மூன்று பல்புகளை வரிசையாக மாட்டியிருந்தார். மும்முனை மின்சாரத்தில் ஒரு பேசுக்கு, அதாவது ஒரு முனைக்கு, ஒரு பல்பு. இரண்டு எரிந்தால் வீட்டில் மிக்ஸி ஓடும். மூன்றும் எரிந்தால்தான் கிணற்று மோட்டாரைப் போடலாம். மூன்றாவது எப்போது எரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மாவின் பகல் பொழுதில் பாதி அந்தப் பல்பைப் பார்ப்பதிலேயே போனது. அது எரிந்ததும் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, முந்தானையில் கையைத் துடைத்தபடி வரப்பைப் பார்த்துக் கூவுவார்.

"ஏங்க... மூணு பேசும் வந்துருச்சு. மோட்டாரப் போடுங்க!"

அப்பாவின் பெயரை அம்மா வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. "ஏங்க" என்பதுதான் அவர் பெயர். அப்பாவும் ஒரு கூப்பாட்டுக்கு எழுந்து வருகிற ஆள் இல்லை. பீடியை முடித்து, துண்டை உதறி, அவர் மோட்டார் ரூமுக்குப் போய்ச் சேர்வதற்குள் சில நாள் மூன்றாவது பல்பு அணைந்துவிடும். அதற்கும் அம்மாவுக்குத்தான் திட்டு விழும்.

மின்சாரம் வந்தால் தானே மோட்டாரைப் போடுகிற ஆட்டோ ஸ்டார்ட்டர் கடைகளில் கிடைக்காமல் இல்லை. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. ஒரு கோடையில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தபோது, அது சளைக்காமல் மோட்டாரைப் போட்டுப் போட்டு நிறுத்தி, அதன் காயிலை, உள்ளே சுற்றிய செம்புக் கம்பியை, எரித்துவிட்டது. மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்குவதற்குள் தக்காளிச் செடிகள் தலை தொங்கிவிட்டன. அன்றோடு அப்பா ஆட்டோவைக் கழற்றி எறிந்தார். தன் கையால் பொத்தானை அழுத்தினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிகள் என்னை எடுக்கவில்லை. அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"ஏத்தா, வர்ற தை இல்ல, அதுக்கடுத்த தை வரைக்கும் பாப்போம். வேலை கெடச்சா போ, நான் தடுக்க மாட்டேன். கெடைக்கலைன்னா ஒட்டன்சத்திரத்துக்காரக கேட்டுக்கிட்டே இருக்காக. அம்புட்டுத்தான்."

ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் காய்கறி மண்டி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம், அவ்வளவுதான். எனக்கு வேண்டியது ஒரே வேலை. பார்த்தால் கம்ப்யூட்டர் என்றே தெரியாத கம்ப்யூட்டர்களுக்கு நிரல் எழுதுகிற வேலை. பால் சொசைட்டியில் கொழுப்பு அளக்கிற பெட்டி, பஸ் கண்டக்டர் கையில் டிக்கெட் துப்புகிற கருவி, வேடசந்தூர் மில்லில் இழை அறுந்தால் சிவப்பு விளக்கைப் போடுகிற பெட்டி, இவற்றின் வயிற்றுக்குள்ளெல்லாம் யாரோ எழுதிய நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த யாரோவில் ஒருத்தியாக நானும் இருக்க வேண்டும் என்று ஒரு வெறி இருந்தது. அதை ஆசை என்று எழுதினால் பொய்.

அந்த வெறி பிடித்ததற்குக் காரணம், பிளஸ் டூவில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப். அதில் விண்டோஸோடு லினக்ஸும் இருந்தது. ஊரில் லேப்டாப் வாங்கிய எல்லாரும் முதல் வேலையாகத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய் லினக்ஸை அழித்துவிட்டு வந்தார்கள். "அதுல படம் ஓடாது" என்பது ஊர் முடிவு. என்னுடைய லேப்டாப்பில் நடந்தது வேறு. கல்யாண வீடியோ ஏற்ற ஒரு சொந்தக்காரர் செருகிய பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, விண்டோஸ் செத்துப்போனது. மிச்சம் இருந்தது லினக்ஸ்தான்.

கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தால் அடிக்க வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் மூஞ்சியில் அடித்தாற்போல் பதில் வரும். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பிடித்துப்போனது. ஏன் தப்பு என்பதை மறைக்காமல் சொல்கிற ஒன்றை என் வாழ்க்கையில் அதுவரை நான் பார்த்திருக்கவில்லை. கல்லூரியில் சந்தேகம் கேட்டால், "சிலபஸ்ல இருக்கா?" என்பார்கள். லினக்ஸின் உள்ளே எதை வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அதை எழுதியவர்கள் எல்லாவற்றையும் ஊர்ப் பொதுவாகப் போட்டு வைத்திருந்தார்கள். இணையத்தில் அவர்கள் கூடும் இடத்தில், என் ஓட்டை ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டேன். யாரோ ஒருவர், "முதலில் கையேட்டைப் படி" என்று எரிந்து விழுந்துவிட்டு, எந்தப் பக்கம் என்றும் சொல்லியிருந்தார். நீ எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்காகவே அவர்கள் காலில் விழலாம் போலிருந்தது.

அந்த உலகத்துக்கு ஒரு முறை உண்டு. யார் எழுதியதையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். நிரலின் தலைப்பில் எழுதியவர் பெயர் ஒரு வரி இருக்கும். அதை மட்டும் அழிக்கக் கூடாது. நான் எழுதியதன் தலையிலும் என் பெயரையும் எங்கள் ஊர்ப் பெயரையும் போட்டுக்கொண்டேன். போட்ட அன்று அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த ப்ராஜெக்ட் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் மாணவர்கள் தாங்களே ஒரு கருவி செய்து காட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. இந்த மாதிரிக் கடைகளில் செய்ததை வாங்கிக்கொண்டு போவார்கள். பார்வையற்றோருக்கான கைத்தடி, நிறைந்தால் கத்துகிற குப்பைத்தொட்டி, மழை வந்தால் தானே மூடும் கூரை. வருஷா வருஷம் அதே கைத்தடி, அதே குப்பைத்தொட்டி. பெயர்ப் பலகை மட்டும் மாறும். வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டும். அதுவும் என் வேலைதான்.

"அவுட்புட் வந்தாப் போதும்மா. அழகு பாக்காத" என்பார் சென்டர்க்காரர். கெட்ட மனிதர் இல்லை. மதியம் என் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்து, "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்கிற ஆள். அந்த மாடியில் போர்டுகளும் கம்பிகளும் நல்ல இணைய வசதியும் இருந்தன. எனக்கு அது போதும். கைத்தடிகளுக்கு நடுவே என் சொந்தக் கருவியைச் செய்துகொண்டேன்.

அது என்னவென்று ஊகித்திருப்பீர்கள். மூன்று பேசையும் கவனிக்கிற ஒரு பெட்டி. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன போர்டு, அதில் லினக்ஸ். வோல்டேஜை அளக்கிற சிலிக்கான் சில்லு ஒன்றை நான் மலிவாகப் பிடித்திருந்தேன். அதோடு பேசுவதற்கான நிரல் யாரிடமும் இல்லை. நானே எழுதினேன். எழுதும்போது கணக்கில்லாமல் போர்டு செத்துச் செத்துப் பிழைத்தது. வந்த மின்சாரம் நிலையாக நிற்கிறதா என்று சற்று நேரம் பொறுத்துப் பார்த்து, நின்றால் மட்டும் அந்தப் பெட்டி கூப்பிடும். மோட்டாரைத் தொடாது. அப்பாவின் கைக்கு வேலை இருக்க வேண்டுமே.

எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். பீப் ஒலி என்றால் அப்பா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். காய்கறி ஆட்டோக்களில் கத்துகிற சின்னக் குழாய் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, அம்மாவை உட்கார வைத்துப் பேசச் சொன்னேன்.

"என்னத்தடி பேச?"

"தெனமும் கத்துறதையே கத்தும்மா."

அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. தலையை ஒதுக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டுக் கூப்பிட்டார். "ஏங்க... மூணு பேசும் வந்துருச்சு. மோட்டாரப் போடுங்க." கடைசிச் சொல்லில் சிரிப்பு வந்து குரல் கொஞ்சம் உடைந்தது. மறுபடி எடுக்கலாம் என்றார். நான் அதையே வைத்துக்கொண்டேன்.

மோட்டார் ரூம் கூரையில் ஸ்பீக்கரைக் கட்டிய அன்று சாயங்காலம் அம்மாவின் குரல் நாலு தோட்டத்துக்குக் கேட்டது. அப்பா பீடியைப் போட்டுவிட்டு ஓடினார். அவர் மட்டுமா, பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் எழுந்து தங்கள் மோட்டாரைப் போடப் போனார்கள். "உம் பொண்டாட்டி கூப்புட்டா ஊரே எந்திரிக்குதுய்யா" என்று அப்பாவை வருவோர் போவோரெல்லாம் கேலி செய்தார்கள். அம்மா முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டார்.

"நான் கூப்புட்டா அசையமாட்டாரு. பொட்டிக்குள்ள இருந்து கூப்புட்டா ஓடுறாரு. நல்லா இருக்குடி உன் படிப்பு."

அந்தப் பெட்டியைத்தான் சென்டர்க்காரர் கேட்டார். கல்லூரித் தேர்வுகள் நெருங்கி, கூட்டம் மாடிப்படி வரை நின்ற காலம். ஒரு மாணவனின் குப்பைத்தொட்டி கடைசி நேரத்தில் வாயைத் திறக்க மறுத்துவிட்டது.

"ஏம்மா, ஒன்னோட மோட்டார்ப் பொட்டிய இந்தத் தம்பிக்கு ஒன்னு போட்டுக் குடுத்துரு. ரிவ்யூ முடிஞ்சா அது பரண்லதான கெடக்கப்போகுது?"

அவர் சொன்னது உண்மைதான். வாங்கிப்போன எல்லாமே பரணுக்குத்தான் போகும். என் பெயர் போட்ட நிரலையும் அம்மாவின் குரலையும் அப்படியே வைத்து, இரண்டாவதாக ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். அந்தப் பையனையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். மற்றவர்களைப் போல அவன் மனப்பாடம் செய்யவில்லை. ஏன், எதற்கு என்று கேட்டான். அப்படிக் கேட்ட ஆள் அவன் ஒருவன்தான். சந்தோஷத்தில் ஒன்றுவிடாமல் சொன்னேன். போகும்போது, "அக்கா, ரொம்பத் தேங்க்ஸ்க்கா" என்றான். அதன் பிறகு அவனை மறந்துவிட்டேன்.

நான் விண்ணப்பித்த இடங்களிலிருந்தெல்லாம் மௌனம்தான் வந்தது. அப்பா கெடு வைத்த தைக்கு முன்பு, மார்கழியில், கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. இயந்திரங்களுக்குள் லினக்ஸ் வைக்கிற கம்பெனி. எனக்காகவே யாரோ திறந்து வைத்த மாதிரி இருந்தது. பெட்டியைப் பற்றி எழுதி, நிரலையும் அனுப்பியிருந்தேன். பஸ் ஒட்டன்சத்திரத்தில் நின்றபோது, அந்த ஊரை வேண்டுமென்றே ஜன்னல் வழியே முறைத்தேன். உனக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கேள்வி கேட்டவர் கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். சில்லைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். போர்டு ஏன் செத்தது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டார், வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். பிறகு தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"நல்லாப் படிச்சிருக்கீங்க. ஆனா அடுத்தவர் எழுதுனதப் படிச்சிருக்கீங்க."

திரையில் என் நிரல் இருந்தது. நான் வைத்த இடைவெளிகள், நான் வைத்த பெயர்கள், தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்தில் எழுதி நான் விட்டிருந்த குறிப்புகள், எல்லாம் அப்படியே இருந்தன. தலையில் இருந்த வரியில் மட்டும் வேறு பெயர். நான் அனுப்புவதற்கு வெகு காலம் முன்பே அது இணையத்தில் ஏற்றப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு வீடியோ. அதையும் ஓடவிட்டார். கல்லூரி ஆய்வகத்து மேஜையில் என் பெட்டி. கழுத்தில் அடையாள அட்டையோடு அந்தப் பையன் ஆங்கிலத்தில் விளக்கினான். மூன்று பல்புகள் எரிந்தன.

"ஏங்க... மூணு பேசும் வந்துருச்சு. மோட்டாரப் போடுங்க."

கேமராவுக்குப் பின்னால் யாரோ கெக்கே பிக்கே என்று சிரித்தார்கள். எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து வெட்கப்பட்ட குரல் அது.

"நான் எழுதுனது சார். என் லேப்டாப்ல பழசு எல்லாம் இருக்கு, தேதியோட காட்டுறேன்" என்றேன்.

"லினக்ஸ் தெரிஞ்சவங்க நீங்க. கம்ப்யூட்டர்ல தேதிய மாத்த முடியாதா?"

முடியும். பிறகு அவர் சொன்னதுதான் என்னைச் சாய்த்துவிட்டது. "இத எழுதுனவர் எங்ககிட்டதான் வேலை பாக்குறார். கூப்புடுறேன், நேர்ல பேசிக்கலாம்."

அவன் வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறி, உடனே சரியானது. இவரைத் தெரியுமா என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"தெரியும் சார். திண்டுக்கல்ல ஒரு சென்டர்ல இருந்தாங்க. ரிப்போர்ட் எல்லாம் டைப் பண்ணி பைண்டிங் போட்டுக் குடுப்பாங்க. நல்ல அக்கா சார்."

நல்ல அக்கா! அந்தச் சொல்லுக்கு அவனை அங்கேயே அறைந்திருக்க வேண்டும். பிறகு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவன் நிதானமாகப் பதில் சொன்னான். எல்லாம் சரியான பதில்கள். நான் சொல்லிக்கொடுத்த வரிசையில், நான் சொன்ன உதாரணங்களோடு, என் வார்த்தைகளிலேயே சொன்னான். நான் பேசியபோது அவனுடைய நகலைப் போலத்தான் அவருக்குக் கேட்டிருக்கும்.

"அந்தக் குரல் யாரோடதுன்னு கேளுங்க சார்" என்றேன்.

"நெட்ல கெடச்ச ஆடியோ சார்" என்றான்.

"அது எங்கம்மா."

செல்போன் என் கையில்தான் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டிருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். ஆனால் எடுத்தவுடன் அம்மா முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "வேலை கெடச்சுருச்சாடி?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை இவர்கள் காதில் விழவிட எனக்கு மனசு வரவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். கண்ணாடிக்காரர் வாசல் வரை வந்து, சொந்தமாக எதையாவது செய்துகொண்டு மறுபடி வரச் சொன்னார். அவருடைய கனிவை இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

லிஃப்ட் பக்கத்தில் அவன் ஓடி வந்தான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உண்மையச் சொன்னா என் வேலை போயிரும். ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிரும்க்கா."

"ஏலே, பேர அழிச்ச, சரி. எங்கம்மா குரலையாவது எடுத்துட்டுப் போட்டிருக்கலாம்ல? அவங்கள வச்சுச் சிரிக்க விட்டிருக்கியே!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். லிஃப்ட் வந்தது, நான் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து, "கெடைக்கல" என்றேன். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. அம்மா சோற்றைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. ஊர் சிரித்த குரல் தன்னுடையது என்று தெரிந்தால், அதற்குப் பிறகு வரப்பைப் பார்த்து அவரால் கூப்பிட முடியாது. சென்டர்க்காரரிடம் சொன்னேன். "நெட்ல போட்டவனப் போயி என்ன பண்ணச் சொல்ற? வேற ஒன்னு செய்யி" என்றார். வேறு ஒன்று செய்ய எனக்குத் தை வரைதான் நேரம் இருந்தது. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்.

தை பிறந்ததும் பேச்சு முடிந்தது. முறைத்துப் பார்த்த ஊரிலேயே வந்து இறங்கினேன். இங்கே என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. மண்டிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். "மருமக கம்ப்யூட்டர் படிச்ச புள்ளைங்க" என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். அம்மா கூப்பிட்ட "ஏங்க" என் வாயில் "ஏனுங்க" ஆகிவிட்டது. லேப்டாப் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.

போன மாதம் மாமனார் மண்டியிலிருந்து செல்போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, இதப் பாரு. எவனோ ஒரு பையன் கண்டுபுடிச்சிருக்கறான். கரண்டு வந்தா அதுவே கூப்புடுதாம். நம்ம தோட்டத்துக்கு இது மாதிரி ஒண்ணு வாங்கோணும்."

என்ன வீடியோ என்று பார்க்காமலே தெரிந்தது. குரல் வந்தது. கடைசிச் சொல்லில் சிரிப்பில் உடைந்தது.

"அது எங்கம்மாங்க மாமா. அந்தப் பொட்டிய நாந்தாங்க செஞ்சேன்."

மாமனார் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். "அட, எல்லா ஊட்டுலயும் பொம்பளைங்க இப்படித்தானம்மா கூப்புடறாங்க. நீ இங்கிலீசு தெரிஞ்ச புள்ள, எங்க கெடைக்கும்னு அந்தப் பையனுக்கு ஒரு வார்த்த எழுதிக் கேளு."

அவர் போன பிறகு வீடியோவுக்குக் கீழே எழுதினேன். தமிழில்தான் எழுதினேன். "இதில் பேசுகிறவர் என் அம்மா. நலமாக இருக்கிறார்." அதற்குக் கீழே என் பெயரையும் எங்கள் ஊரின் பெயரையும் போட்டேன்.

மறுநாள் காலையில் மண்டிக்குப் போகும் முன் திறந்து பார்த்தேன். அந்த வரியையும் அழித்திருந்தான்.